மற்றும் சிலர்

களமருதூரில் பஸ் நிற்கும் இடத்தில் சங்கத்தார் நட்டு வைத்திருந்த பலகையில் ஏழு பெயர்கள் இருந்தன. எண்பத்தேழு செப்டம்பரில் இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலையை மறித்தபோது, டிரங்க் ரோட்டுப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளி, போலீசில் அகப்பட்டு, இருபத்தேழு நாள் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தவர்கள் அந்த ஏழு பேர். முதல் பெயர் தெய்வசிகாமணி, கடைசிப் பெயர் வீரமுத்து. பலகை எழுதியவர் கீழே கொஞ்சம் இடம் காலியாகக் கிடக்கிறதே என்று நினைத்தாரோ என்னவோ, 'மற்றும் சிலர்' என்று ஒரு வரியைச் சேர்த்துவிட்டுப் போயிருந்தார். போலீஸ் போட்ட வழக்கிலும் அப்படித்தான் இருந்தது. ஏழு பேர் மற்றும் சிலர்.

அந்த இரண்டு வார்த்தைகள்தான் கந்தசாமியின் வீட்டைப் பிடித்து ஆட்டின.

கந்தசாமிக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. ஏரிப் பாசனத்தில் நாலு ஏக்கர், அது போகக் கிணறு. ஊரில் முதலில் கரண்டு மோட்டார் போட்டவர் அவர், முதலில் மாடி எடுத்தவரும் அவர்தான். அடுத்தவன் வீட்டுக்கு ஒரு பசுமாடு வந்தால், அது வேளைக்கு எத்தனை படி கறக்கிறது என்று நைசாக விசாரித்து, அதைவிட அரைப்படி கூடக் கறக்கிற மாட்டைத் தேடிச் சந்தை சந்தையாக அலைகிற மனுஷர். அது ஒரு வியாதி என்று அவருக்குத் தெரியாது. முன்னேற்றம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். ஊர்க்காரர்களும் முகத்துக்கு நேரே அப்படித்தான் சொன்னார்கள்.

மாட்டைச் சந்தையில் பிடித்துவிடலாம். ஜெயிலுக்குப் போய்வந்த பெயரை எந்தச் சந்தையில் பிடிப்பது?

திரௌபதியம்மன் தீமிதிக்கு முதல் பரிவட்டம் கந்தசாமியின் அப்பா காலத்திலிருந்து அந்த வீட்டுக்குத்தான். ஏழு பேரும் வெளியே வந்ததற்கு அடுத்த வருஷம் ஊர்க்கூட்டம் கூடி, இந்தத் தடவை முதல் பரிவட்டம் தெய்வசிகாமணிக்கும், அடுத்தடுத்து மற்ற ஆறு பேருக்கும் கட்டுவது என்று முடிவு செய்தது. தெய்வசிகாமணி கந்தசாமிக்குப் பங்காளி, அடுத்த வீடு, பத்து வயது இளையவர். ஒன்றரை ஏக்கரை வைத்துக்கொண்டு, ஏரி வற்றினால் கந்தசாமியின் மோட்டார் தண்ணீரை எதிர்பார்க்கிறவர். அவர் தலையில் பரிவட்டம் ஏறுவதைக் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்த கந்தசாமி, சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"கருவாட்டுக் கொழம்பு வெச்சிருக்கேன், ஏன் தள்றீங்க?" என்றாள் அவர் மனைவி கமலா.

"வாணாம்."

"அவரு இருபத்தேழு நாளு கம்பி எண்ணிட்டு வந்திருக்காரு. தலையில ஒரு துணியச் சுத்தினாங்க. அதுல நமக்கு இன்னா கம்மியாப் போச்சு?"

"அந்த வாரம் பையன் மட்டும் ஊர்ல இருந்திருந்தான்னு வெய்யி..."

"இருந்திருந்தா? நீங்கதான அவன மலைக்கு அனுப்பி வெச்சீங்க? ஊரு ஒரு மாதிரியா கீது, எம் புள்ள மாட்டிக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

அவள் சொன்னது அத்தனையும் நிஜம். மறியலுக்கு இரண்டு நாள் முன்பே வாசனை பிடித்த கந்தசாமி, பி.ஏ. முடித்துவிட்டு வீட்டிலிருந்த மகன் வெங்கடேசனை, உளுந்தூர்பேட்டையில் புளி, கடுக்காய் மண்டி வைத்திருந்த பஷீர் அகமதுவோடு ஜீப்பில் ஏற்றி வெள்ளிமலைக்கு அனுப்பிவிட்டார். கீழே சாலையெல்லாம் மரமாகக் கிடந்தபோது, அவர்கள் இரண்டு பேரும் இறங்க வழியில்லாமல் மலையில் எட்டு நாள் சாமைச்சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மகன் பத்திரமாகத் திரும்பி வந்தபோது கந்தசாமி அம்மனுக்குப் பொங்கல் வைத்தார். அவ்வளவு சந்தோஷம். பரிவட்டம் கைமாறிய பிறகு அந்தச் சந்தோஷமே அவரைக் குடைய ஆரம்பித்தது.

ஒரு நாள் பலகைக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். வெளியூர் லாரிக்காரர் ஒருவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு பலகையைப் படித்துவிட்டு, "மற்றும் சிலர்னு போட்டிருக்குதே, அது யாருங்க?" என்று சும்மா கேட்டார். கடையில் வேறு யாரும் இல்லை. கந்தசாமி துண்டை உதறிப் போட்டுக்கொண்டு சொன்னார்:

"அதுல ஒருத்தன் எம் பையன்."

லாரிக்காரர் எழுந்து நின்று ஒரு கும்பிடு போட்டார். அந்தக் கும்பிடு கந்தசாமிக்குப் பிடித்துப்போயிற்று.

அதற்கப்புறம் கதை தானாக வளர்ந்தது. முதலில் வெளியூர்க்காரர்களிடம் மட்டும் சொன்னார். பிறகு சம்பந்திமார் கூடுகிற கல்யாணங்களில், பிறகு உளுந்தூர்பேட்டைக் கடைகளில். மூன்று ஆள் கட்டிப்பிடிக்க வேண்டிய புளியமரம். போலீஸ் வேன் சத்தம் கேட்டு எல்லோரும் தயங்கி நின்றார்கள். வெங்கடேசன் ஒருத்தன்தான் கோடரியை வாங்கி முதல் வெட்டு வெட்டினான். மூன்றே வெட்டில் மரம் முனகியது. போலீஸ் வந்ததும் ஓடை வழியாகத் தப்பித்ததால் வழக்கில் பெயர் வரவில்லை. சொல்லிச் சொல்லி அந்த மரத்தின் பட்டை தெறித்த சத்தம்கூட அவர் காதில் கேட்க ஆரம்பித்துவிட்டது. அடுத்த தீமிதிக்குக் கூட்டத்தில் எழுந்து, "மற்றும் சிலர் சார்பா எங்க வூட்டுக்கும் ஒரு பரிவட்டம் கட்டறது நியாயம்" என்று கேட்டு வாங்கியும் விட்டார். எட்டாவது ஆளாக.

வீரமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. "ஜெயில்ல களி தின்னது நாம, தலையில கட்டிக்கிறது அவரா?" என்று குதித்தான். தெய்வசிகாமணிதான் அடக்கினார். "பெரிய மனுசன், ஆசைப்படறாரு. வுட்டுத் தொலை. நம்ம துணி ஒண்ணும் கிழிஞ்சு பூடல" என்றார். அன்றைக்கு அவருக்கு அந்த அளவுக்கு மனசு இருந்தது.

வெங்கடேசன் மட்டும் கூசிப்போனான். "அப்பா, நான் எங்கியும் தலை காட்ட முடியல. அந்தக் கதைய நிறுத்துங்க" என்று பல தடவை சொன்னான். "உனுக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்று பல தடவை பதில் வந்தது.

எண்பத்தொன்பதில் மிகவும் பிற்பட்டோருக்கு இருபது சதவீதம் என்று அரசாணை வந்தது. அதற்கு அடுத்த வருஷம் வெங்கடேசன் பரீட்சை எழுதி, சர்க்கார் அலுவலகத்தில் எழுத்தர் வேலைக்குத் தேர்வானான். களமருதூரில் அந்த ஒதுக்கீட்டில் முதலில் வேலைக்குத் தேர்வானவன் அவன்தான். ஏழு பேர் வீட்டிலும் யாருக்கும் ஒன்றும் வரவில்லை. தெய்வசிகாமணியின் மகன் தனசேகரன் அதே பரீட்சையை எழுதித் தவறியிருந்தான். தெய்வசிகாமணி அப்போதும் மாதம் ஒரு தடவை வழக்கு வாய்தாவுக்குப் போய், கோர்ட்டு மரத்தடியில் காத்திருந்து, தேதி வாங்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

இந்த இடத்தில் கந்தசாமி வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஜாங்கிரி வாங்கிக்கொண்டு வந்து வீடு வீடாகக் கொடுத்தார். தெய்வசிகாமணி வீட்டு வாசலில், அவர் மனைவி ராணியம்மாள் முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள்.

"எடுத்துக்கம்மா, பையனுக்கு வேலை கெடச்சிருக்குது."

"கேள்விப்பட்டேங்க. ரொம்ப சந்தோசம். எல்லாரும் ரோட்டுல படுத்தது வீண் போவல" என்றாள் ராணியம்மாள். நல்ல மனசோடுதான் சொன்னாள்.

"ரோட்டுல படுத்ததுக்கும் இதுக்கும் இன்னாம்மா இருக்குது? எம் பையன் மார்க்குல வாங்கினான். கோட்டாவும் கோணியும் இல்லாட்டியும் அவனுக்கு வந்திருக்கும். படிப்பு ஏறாதவனுக்குத்தான் அதெல்லாம் வோணும்."

உள்ளே தனசேகரன் இருந்தான். ராணியம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். கையில் எடுத்த ஜாங்கிரியை வாசலில் நின்ற கோழிக்குப் போட்டாள். அவர் பார்க்கத்தான் போட்டாள்.

அந்தப் பேச்சு மாலைக்குள் ஏழு வீடும் சுற்றியது. வருஷா வருஷம் கமலாவும் ராணியம்மாளும் ஒருவர் நடவுக்கு ஒருவர் ஆள் சேர்த்துக்கொண்டு போவது வழக்கம். அந்த ஐப்பசியில் ராணியம்மாள் வரவில்லை. அவள் கூட்டாளிப் பெண்களும் வரவில்லை. கந்தசாமி அதற்குப் பதிலாகத் தெய்வசிகாமணியின் வயலுக்குப் போகிற மோட்டார் தண்ணீரை நிறுத்தினார். மழை பெய்துகொண்டிருந்ததால் அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. ஆனாலும் நிறுத்தினார்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த ஓலை வந்தது. வேலையில் சேருவதற்கு முன்னால் போலீஸ் விசாரணை உண்டு. புதன்கிழமை ஏட்டு ஊருக்கு வந்து நடத்தை விசாரிப்பார். வழக்கு ஏதும் நிலுவையில் இருந்தால் நியமனம் ரத்தாகும். வெங்கடேசன் படித்துக் காட்டிவிட்டுக் காகிதத்தை மடித்தான்.

"நல்லாக் கேட்டுக்கோங்க. அந்த கேஸ்ல மற்றும் சிலர்னு இன்னும் தொறந்துதான் கெடக்குது. எவன் பேர வேணாலும் அதுல எழுதலாம்."

கந்தசாமிக்கு அப்போதுதான் உறைத்தது.

முதலில் பஷீர் அகமதுவிடம் ஓடினார். மண்டியில் மழைக்குப் பயந்து கடுக்காய் மூட்டைகளை உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பஷீர் அகமது டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் கேட்டார்.

"எட்டு நாளும் எங்கூடத்தான் இருந்தான். எங்க வேணா வந்து சொல்றேன், எழுதியும் தர்றேன். ஆனா ஒண்ணு கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. இதே கடையில, எம் முன்னாடியே, நாலு பேருக்கு அந்த மரம் வெட்டுன கதைய சொன்னீங்களே, எதுக்கு?"

"நீங்க ஏன் பாய் அப்பவே மறுக்கல?"

"எப்டி மறுக்குறது? உங்க மூஞ்சி அம்மாம் பிரகாசமா இருந்துச்சு." பஷீர் அகமது ஒரு தாளை எடுத்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். "என் கடிதாசு ஜாஸ்தி எடுபடாது. அந்த ஏழு பேரு சொல்லணும். அவங்க வார்த்தைதான் நிக்கும். போயி அவங்களப் பாருங்க."

தெய்வசிகாமணி வயலில் பரம்பு ஓட்டிக்கொண்டிருந்தார். சேற்றைச் சமப்படுத்துகிற அந்தப் பலகையின் மேல் நின்றுகொண்டு, மாடுகளை அதட்டியபடி சுற்றி வந்தார். கந்தசாமி வரப்பில் நின்றார். இரண்டு சுற்று வரும்வரை தெய்வசிகாமணி நிமிர்ந்து பார்க்கவில்லை. மூன்றாவது சுற்றில் மாட்டை நிறுத்தினார்.

"இன்னாண்ணா, இம்மாந்தூரம்?"

"தம்பி, புதன்கெழம ஏட்டு வராரு. பையன் விசயமா."

"தெரியும்."

"பையன் மறியல்ல இல்லன்னு நீங்க ஏழு பேரும் ஒரு வார்த்தை சொல்லணும்."

"இல்லியா?" தெய்வசிகாமணி ஆச்சரியப்பட்டதுபோல் கேட்டார். "மூணு வெட்டுல மரம் முனகிச்சின்னு சொன்னியே. உன் வாயாலதான் கேட்டேன்."

"பொய்தான்ப்பா. உனுக்குத் தெரியாதா?"

"எனுக்குத் தெரியும். ஊருக்கு யாரு சொல்றது? கூட்டத்துல எழுந்து சொன்னியே, பரிவட்டம் வாங்கினியே. இப்ப நாங்க அவன் இல்லன்னு சொன்னா உன் மானம் இன்னாவறது?"

"மானம் போனா போவட்டும். புள்ள பொழப்புப்பா."

"எல்லாருக்கும் புள்ள இருக்குதுண்ணா." தெய்வசிகாமணி குனிந்து சேற்றிலிருந்து ஒரு வேர்க்கட்டையைப் பிடுங்கி வரப்பில் எறிந்தார். "வாய்தாவுக்குப் போறப்பல்லாம் என் பையன் கேக்குறான், உன்னால எனுக்கு இன்னா லாபம்னு. நான் இன்னா சொல்லுவேன்? அடுத்த வூட்டுக்காரன் படிப்பு ஏறாதவன்னு பேரு வெச்சிருக்கான், அதான் லாபம்னு சொல்லட்டுமா?"

"வாய் தவறிப் போச்சுப்பா. காலுல வேணா வுழறேன்."

அவர் நிஜமாகவே செருப்பைக் கழற்றினார். தெய்வசிகாமணி பதறிக் கையை நீட்டினார்.

"ஐயோ, பெரியவரு. வாணாம், வாணாம். நீ தைரியமா வூட்டுக்குப் போ. ஏட்டு வரட்டும். உம் பையனப் பத்தி நல்லதாவே சொல்றோம்."

"சத்தியமா?"

"அம்மன் மேல. கெட்டது ஒரு வார்த்தை எங்க ஏழு பேரு வாயிலயும் வராது."

கந்தசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். போகிற வழியிலேயே கிணற்றடிக்குப் போய், மடையைத் தெய்வசிகாமணியின் வயலுக்குத் திருப்பிவிட்டார். வீட்டில் கமலாவிடம் சொன்னார். அவள் மட்டும் யோசித்தாள். "நல்லதாவேன்னா? இல்லன்னு சொல்றேன்னு ஏன் சொல்லல?" என்றாள். "பொம்பளைங்களுக்கு எதுலயும் சந்தேகம்" என்றார் அவர்.

புதன்கிழமை மத்தியானம் மழை விட்டிருந்தது. ஏட்டு பால் சொசைட்டி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கொஞ்சம் தொந்தி, கொஞ்சம் அலுப்பு. மாலைக்குள் இன்னும் இரண்டு ஊருக்குப் போகவேண்டிய மனுஷர். ஏழு பேரும் வந்து ஒரு ஓரமாக நின்றார்கள். ஊரில் பாதி அங்கே இருந்தது. வெங்கடேசன் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றான்.

"கேஸ்ல இருக்கிற ஆளுங்க நீங்கதான? இந்தப் பையனத் தெரியுமா?"

தெய்வசிகாமணி மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டார். "நல்லாத் தெரியுங்க. தங்கமான பையன். பீடி, சிகரெட்டு இல்ல. பெரியவங்க கிட்ட மரியாதை."

கந்தசாமிக்கு மூச்சு வந்தது.

"மறியல்ல இருந்தானான்னு கேக்குறேன்."

"அவன் இல்லாமலா?" தெய்வசிகாமணியின் குரல் ஏறியது. "எங்க ஊருக்கே பெருமைங்க அவன். வேன் சத்தம் கேட்டு நாங்கல்லாம் பயந்துக்கினு நின்னோம். கோடாலிய எங்கைலருந்து வாங்கி மொத வெட்டு வெட்டினது அவன்தாங்க. மூணே வெட்டு. மரம் முனகிச்சிங்க. நாங்க வெட்டலன்னு என்னிக்கும் சொன்னதில்ல. ஆனா பேரு அவனுக்குத்தான் போவணும்."

ஒரு வார்த்தை பிசகாமல் அது கந்தசாமியின் கதை. கெட்டதாக அதில் ஒன்றும் இல்லை. தெய்வசிகாமணி தான் செய்த சத்தியத்தைக் காப்பாற்றினார்.

"பொய்ங்க!" கந்தசாமி முன்னால் பாய்ந்தார். "ஏட்டய்யா, அது பொய்ங்க. எம் பையன் அந்த வாரம் பூரா வெள்ளிமலையில இருந்தான். நான்தான் அனுப்புனேன். பெருமைக்கோசரம் நான் கட்டிவுட்ட கதைங்க அது. எனக்கு வயித்தெரிச்சல். இவங்க தலையில பரிவட்டம் ஏறிச்சேன்னு பொறுக்காம சொன்னேன். ஊரு அறியச் சொல்றேன், நான் பொய்க்காரன்." பஷீர் அகமதுவின் கடிதத்தை நீட்டினார்.

வாழ்நாளில் அவர் பேசியதிலேயே கலப்படமில்லாத உண்மை அதுதான். ஏட்டு கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"உனுக்கு வேண்டிய கடைக்காரரு எழுதிக் குடுத்தது. சரி. இதப் பாரு பெரியவரே, புள்ளைக்கு சர்க்கார் வேலைன்னா எந்த அப்பனும் இப்டித்தான் சொல்லுவான். தப்பு சொல்லல. மூணு வருசமா உளுந்தூர்பேட்ட பூரா நீ சொல்லிக்கினு இருந்தத நானே டீக்கடையில கேட்டிருக்கேன். அதப் பொய்ங்கற, இத நெசங்கற. நான் எத எழுதறது?" ஏழு பேர் பக்கம் திரும்பினார். "வேற யாராச்சும் மாத்திச் சொல்றீங்களா?"

கமலா கூட்டத்தின் விளிம்பில் நின்றிருந்தாள். அவள் ராணியம்மாளைப் பார்த்தாள். ராணியம்மாள் வாயைத் திறக்கப்போவதுபோல் இருந்தது. பிறகு மகன் தனசேகரனைத் திரும்பிப் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

ஏட்டு ஒவ்வொருவராகக் கேட்டார். ஆமாங்க, இருந்தான். மொத வெட்டு அவன்தாங்க. எங்க சிங்கம்ங்க. ஆறு பேர் சொல்லி முடித்தார்கள். கடைசியில் வீரமுத்து கையைத் தூக்கி, "எட்டாவது பரிவட்டம் இவங்க வூட்டுக்குன்னு ஊரே கட்டினதுங்க. சும்மாவா கட்டுவாங்க?" என்றான். ஏட்டு, 'மற்றும் சிலர்' என்பதில் இவனும் ஒருவன் என்று ஏழு பேர் ஒருமுகமாகச் சொன்னதாக எழுதிக் கீழே கோடு போட்டார். அதற்கு மேல் அந்த வேலை வராது என்று அங்கே நின்றிருந்த எல்லோருக்கும் தெரிந்தது.

கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. ஜெயித்தவர்கள் முகமாகவும் அந்த ஏழு முகங்கள் இல்லை. இனி அந்த ஊரில் யார் யாருக்காகச் சாட்சி சொன்னாலும் அதை ஒருத்தரும் நம்பப்போவதில்லை என்பது அப்போது அவர்களுக்குத் தோன்றியதோ என்னவோ. தெய்வசிகாமணி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கந்தசாமி நின்ற இடத்தில் நின்றார். ஏழு வாய். ஊர் பார்க்க, போலீஸ் எழுதிக்கொள்ள, தன் பிள்ளையைப் புகழ்ந்து சொன்ன ஏழு வாய். மூன்று வருஷமாக இதைக் கேட்கத்தான் ஏங்கினார். மகனின் பிழைப்பு கண்ணெதிரே போய்க்கொண்டிருக்கிறது என்று நன்றாகத் தெரிந்தும், உள்ளே எங்கோ ஒரு மூலையில் அது இனித்தது. ஒரு நொடிதான். வெட்கம் பிடுங்கித் தின்ன, அதை விழுங்கிக்கொண்டு பக்கத்தில் திரும்பினார்.

வெங்கடேசன் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஒரு நொடியையும் பார்த்துவிட்டான். ஏட்டு நீட்டிய காகிதத்தை வாங்கி, கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் நிதானமாகப் போட்டுக் கொடுத்துவிட்டு, அம்மாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.